சூடேற்றும்போது ஒரு பொருளின் எடை மாறுவதைக் காட்டும் வெப்ப எடையறி வளைவு ஒன்றே ஒன்றிலிருந்து, வினை நிகழத் தேவையான கிளர்வு ஆற்றலைக் கணக்கிடலாமா?

கணக்கிட்டால் ஓர் எண் கிடைக்கும்; ஆனால் அதை நம்ப முடியாது. சுண்ணாம்புக்கல்லையே எடுத்துக்கொள்வோம்: கால்சியம் கார்பனேட்டைச் சூடேற்றினால் கார்பன் டைஆக்சைடு வெளியேறி, 10 மில்லிகிராம் தூள் ஏறத்தாழ 5.6 மில்லிகிராமாகக் குறைகிறது. ஒரே சூடேற்று வேகத்தில் பதிவான அந்தச் சரிவுக்கு, முற்றிலும் வேறுபட்ட பல வினை மாதிரிகள் (வினை முன்னேறும் விதத்தை விவரிக்கும் சமன்பாடுகள்) ஏறக்குறையச் சமமாகவே பொருந்திவிடுவதால், மாதிரியை மாற்றும்போதெல்லாம் கிளர்வு ஆற்றலும் மாறும். ஆகவே நிமிடத்துக்கு 2, 5, 10 பாகை எனக் குறைந்தது மூன்று வேகங்களில் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். 1957-இல் கிஸ்ஸிஞ்சர் காட்டிய வழியில், சூடேற்று வேகத்தை எடையிழப்பு மிக வேகமாக நிகழும் உச்ச வெப்பநிலையின் (கெல்வினில்) வர்க்கத்தால் வகுத்து, அதன் இயல் மடக்கையைக் அதே உச்ச வெப்பநிலையின் தலைகீழுக்கு எதிராக வரைந்தால், கோட்டின் சாய்விலிருந்து கிளர்வு ஆற்றல் கிடைத்துவிடும். ஆனால் கிண்ணத்தில் தூளைக் குவித்துவிடாதீர்கள். வெளியேறும் வாயு தூளுக்குள் தேங்கினால், மீள்வினையான இந்தச் சிதைவு தாமதப்பட்டு எண்ணே பிழையாகும்.