பூநகரித் தோட்டக் கிணறு: ஆழமாகத் துளைக்க வேண்டாம்

சித்திரைக்குப் பிறகு கிணறு உவர்க்கிறது, மிளகாய் இலை நுனி கருகுகிறது, ஆழமாகக் குழாய்க்கிணறு அடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அடிக்காதீர்கள்.

பூநகரி போன்ற கடலோர நிலத்தில் நன்னீர் உவர்நீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும். அதே கணக்குப்படி, இறைத்து இறைத்து அந்த ஓர் அடியை இழந்தால் உவர் காலப்போக்கில் 40 அடி மேலேறும். ஆழப்போவது உவரைத் தேடிப்போவதுதான். கடலிலிருந்து தள்ளி உள்ள வவுனியாப் பக்கம் ஆழ்கிணறு அடித்துப் பயன்கண்டவர்களின் பேச்சை இங்கே பொருத்தாதீர்கள். அங்கே நீர் கருங்கல் வெடிப்புகளில் நிற்கிறது.

இயந்திரத்தை ஒரே மூச்சில் ஓடவிடாமல், காலையும் மாலையும் பிரித்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறையுங்கள். இந்தச் சிறுபோகத்தில் மிளகாய்ப் பரப்பைக் குறையுங்கள், மனம் கேட்காதுதான். பாத்தி ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அந்தத் துண்டை மழைவரை சும்மா விடுங்கள். ஐப்பசிக்கு முன் வரம்புகளை உயர்த்தி, காணியின் தாழ்ந்த மூலையில் கேணி வெட்டி மழைநீரை மண்ணுக்குள் இறக்குங்கள். அயல் தோட்டக்காரர்களையும் கூட்டிப் பேசுங்கள். எல்லோரும் இறைப்பது ஒரே நீரைத்தான். நீரில் எவ்வளவு உப்பு என்று காட்டும் மின்கடத்துதிறனை அளந்து இங்கே எழுதினால் மேலும் சொல்கிறேன்.