சிவந்துபோன பேட்மேன்: பழைய வியூ மாஸ்டரை எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: எனக்கு வயது 58. சின்ன வயதில் பெரியப்பா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த வியூ மாஸ்டர் என்ற, கண்ணில் வைத்துப் படம் பார்க்கும் பெட்டியில் பேட்மேன் பார்த்திருக்கிறேன். விசையைத் தட்டினால் 'டக்' என்று படம் மாறும், ஆள் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பார். வீடு மாறியதில் அது தொலைந்துவிட்டது. இப்போது வாங்கலாம் என்று ஆன்லைனில் தேடினால், அதே பேட்மேன் செட்டுக்கு ஆளுக்கொரு விலை. 'சீல் பிரிக்காதது' என்று ஒருவர் மூன்று மடங்கு கேட்கிறார். எதை நம்புவது? - வாசகர், கோயம்புத்தூர்

பதில்: காசை ரீலுக்குக் கொடுங்கள். பெட்டிக்குக் கொஞ்சம் போதும். 1939-ல் இது விற்பனைக்கு வந்ததிலிருந்து ரீலின் அமைப்பு மாறவே இல்லை. வட்ட அட்டையில் 14 பொடிப் படங்கள். எதிரெதிரே இருக்கும் இரண்டு, கண்ணுக்கு ஒன்றாகச் சேர்ந்து, ஆழம் தெரியும் ஒரு காட்சி, ஆக 7 காட்சி. அறுபதுகளின் ரீலை எண்பதுகளின் சிவப்புப் பிளாஸ்டிக் பெட்டியில் போட்டாலும் ஓடும். 1970-ல் வந்த பேசும் ரீல் மட்டும் தனி ஜாதி. அதில் சின்ன இசைத்தட்டு ஒட்டியிருக்கும், அதற்கென்று பெட்டியும் வேறு. 'கறுப்பு பேக்கலைட், அபூர்வம்' என்று விற்பவர்கள் சொன்னால் மயங்காதீர்கள். பேக்கலைட் என்ற பழைய காலத்துக் கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்த, மேலே ரீல் செருகும் பிளவு உள்ள அந்தக் கனமான மாடல் 1946 முதல் சுமார் பத்து வருடம் மலைமலையாக விற்றது. கீழே விழுந்தால் பேக்கலைட் தெறித்துவிடும் என்பதால் மூலைகளை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி ரீல். உங்கள் பேட்மேன் செட் வந்தது 1966-ல். அமெரிக்காவில் ஒரேகான் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரத்தில் வியூ மாஸ்டரைத் தயாரித்த சாயர்ஸ் கம்பெனியை ஜி.ஏ.எஃப். என்ற கம்பெனி வாங்கியதும் அதே வருடம்தான். அதனால் ஒரே படங்கள் இரண்டு பெயரிலும் கிடைக்கும். சாயர்ஸ் காலத்து ரீல்கள் பெரும்பாலும் கோடக் கம்பெனியின் கோடாக்ரோம் கலர் பிலிமில் போட்டவை. அந்த நிறம் இன்றைக்கும் அப்படியே நிற்கிறது. எழுபதுகள் போகப்போக மலிவான பிலிமுக்கு மாறினார்கள், அது சிவந்துவிட்டது. பேட்மேனின் நீல அங்கி பழுப்பாகவும் முகம் தக்காளி நிறத்திலும் தெரிந்தால் அது அந்த வகை. சலவை செய்து மீட்கவே முடியாது.

சீல் பிரிக்காத உறைக்கு நான் ஒரு ரூபாய்கூட அதிகம் தரமாட்டேன். இந்த மலிவு பிலிமின் சாயம் வெயிலில்தான் வெளுக்கும் என்று நினைப்போம். இருட்டில், உறைக்குள், யாருமே தொடாமல் இருந்தாலும் அது போய்க்கொண்டேதான் இருக்கும். சீலைப் பிரிக்காமல் உள்ளே என்ன நிறம் என்று விற்பவர் எப்படிச் சொல்வார்? பிரித்தால் அவர் கேட்கும் விலை போய்விடும். நல்ல வியாபாரம்!

விற்பவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: ரீலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, மேசையில் வைக்காமல், ஒரு போட்டோ. தயங்கினால் அடுத்த ஆளைப் பாருங்கள். பிறகு எண். பேட்மேன் செட்டின் எண் B492 (பி492). உள்ளே இருக்கும் மூன்று ரீலிலும் இதே எண்ணோடு கடைசியில் 1, 2, 3 என்று இருக்க வேண்டும். இரண்டு செட்டைக் கலந்து 'முழு செட்' என்று தள்ளிவிடுவது வழக்கம். கதைப் புத்தகமும் உறையும் சேர்ந்திருந்தால்தான் சேகரிப்பவர்கள் கேட்கும் விலை நியாயம். பார்க்க மட்டும் என்றால் வெறும் ரீல் போதும்.

பேட்மேனோடு நிறுத்த மனம் வராவிட்டால், 1968-ல் வந்த ஸ்டார் ட்ரெக் (விண்வெளிக் கப்பல் கதை சொல்லும் டி.வி. தொடர்) செட்டையும் தேடிப் பாருங்கள். டி.வி. படப்பிடிப்பு நடக்கும் இடத்திலேயே இரட்டை லென்ஸ் கேமராவில் எடுத்தது. டி.வி.யில் தட்டையாகப் பார்த்த கப்பலுக்குள் எட்டிப்பார்க்கிற மாதிரி இருக்கும்.

உறவினர் யாராவது அமெரிக்காவிலிருந்து வருகிறார்கள் என்றால் அவர்கள் வீட்டு முகவரிக்கு வரவழைத்துக் கைப்பையில் கொண்டுவரச் சொல்லுங்கள். பார்சலில் வந்தால் பொருள் விலையோடு அனுப்பும் செலவையும் சேர்த்துத்தான் சுங்கவரி போடுவார்கள். வந்ததும் தண்ணீர், ஸ்பிரிட் எதுவும் வேண்டாம். ஊதுகிற பல்பும் மெல்லிய பிரஷும் போதும். டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டுவையுங்கள்.

கேள்வி: நம் நாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் ஆன்லைனில் 12 ரீல் வாங்கினேன். விளம்பரப் படத்தில் பளிச்சென்று இருந்தது. வந்தது முழுக்கச் சிவப்பு. 'பழைய பொருள், நோ ரிட்டர்ன்' என்கிறார். விட்டுவிட வேண்டியதுதானா? - வாசகி, மதுரை

பதில்: வேண்டாம். விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020-ன் மின்வணிக நுகர்வோர் விதிகள் சொல்கின்றன. 'நோ ரிட்டர்ன்' என்று எழுதிவைத்தால் அது மாறிவிடாது. ஆனால் ஒரு முடிச்சு இருக்கிறது. பரணில் கிடந்ததை ஒருமுறை விற்கும் தனிநபருக்கு இந்த விதிகள் பொருந்தாது. தொடர்ந்து வியாபாரமாகச் செய்பவருக்குத்தான். எனவே அவருடைய பக்கத்தில் வேறு எத்தனை பொருள் விற்பனைக்கு இருக்கிறது என்பதை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். விளம்பரப் படத்தையும் சேர்த்து எடுங்கள், நாளைக்கு அது காணாமல் போகலாம். முதலில் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள், பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் இல்லை.

கேள்வி: எங்கள் பழைய வியூ மாஸ்டரில் எனக்குப் படம் ஆழமாகத் தெரிகிறது. எட்டு வயது மகளுக்கு மட்டும் சாதாரணப் படம் மாதிரிதான் இருக்கிறதாம். பெட்டியில் கோளாறா? - வாசகர், திருச்சி

பதில்: உங்களுக்கு ஆழம் தெரிகிறது என்றால் பெட்டி சரியாகத்தான் இருக்கிறது. ஒரு கண்ணை மூடி மறு கண்ணால், பிறகு மாற்றி, அவளைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் மங்கலாகத் தெரிந்தாலும் சரி, இரண்டும் தெளிவாக இருந்தும் ஆழம் தெரியாவிட்டாலும் சரி, இந்த வாரமே கண் மருத்துவரிடம் காட்டுங்கள். சோம்பல் கண் (ஒரு கண்ணின் பார்வை சரியாக வளராமல் போவது) போன்றவற்றுக்கு எவ்வளவு சீக்கிரம் சிகிச்சை தொடங்குகிறோமோ அவ்வளவு நன்றாகப் பலிக்கும்.