அவுட்போர்டுக்கு புது ப்ரொப்பல்லர்: எந்த பிட்ச் வாங்குறது?

கேள்வி: அண்ணே, என் மீன்பிடி போட்டுல பின்பக்கம் மாட்டுற 40 ஹெச்பி அவுட்போர்டு இன்ஜின் ஓடுது. போன வாரம் பாறையில தட்டி ப்ரொப்பல்லர்ல ஒரு இலை மடங்கிப்போச்சு. அதுல 13 பிட்ச்னு அடிச்சிருக்கு. அடி வாங்குறதுக்கு முன்னாடியே வலை, ஐஸ், ஆளுங்க நாலு பேருன்னு ஏத்திட்டா ஃபுல் த்ராட்டில்ல 4600 ஆர்பிஎம் தாண்டாது. மேனுவல்ல 5000-லேர்ந்து 6000 வரைன்னு போட்டிருக்கு. கடைக்காரர் 15 பிட்ச் ஸ்டீல் போடு, ஸ்பீடு சும்மா பிச்சுக்கும்ங்கிறார். வாங்கலாமா?

பதில்: தம்பி, அந்த 15-ஐ வாங்காத. பிட்ச்ங்கிறது ப்ரொப்பல்லர் ஒரு சுத்து சுத்தினா எத்தனை இன்ச் முன்னாடி போகணும்ங்கிற கணக்கு, அது கூடக்கூட இன்ஜினுக்கு சுமை ஏறும், ஆர்பிஎம் இறங்கும். இப்பவே உன் இன்ஜின் 400 குறைவா திணறுது, இதுல 15-ஐ மாட்டினா 4300-ஐத் தாண்டாது. ஃபுல் த்ராட்டில்ல ரேஞ்சுக்குக் கீழேயே முக்கி முக்கி ஓட்டினா பிஸ்டன், பேரிங் எல்லாம் சீக்கிரம் அடிவாங்கும், பெட்ரோலும் வீணாப்போகும்.

ஒரு இன்ச் பிட்ச் குறைச்சா ஏறக்குறைய 150-லேர்ந்து 200 ஆர்பிஎம் கூடும். அப்போ 10 பிட்ச் போட்டா 5050-லேர்ந்து 5200-க்குள்ள வரணும், 11 போட்டா 5000-ஐ எட்டினாலும் எட்டும் எட்டாமலும் போகும். நீ எப்பவும் சுமையோடதான் வர்றேன்னா நான் 10-ஐத்தான் சொல்லுவேன். ஒரே ஒரு விஷயம், சுமை இல்லாத காலி போட்டோட கிளம்புறப்போ ஆர்பிஎம் மீட்டரைப் பாரு, 6000 தாண்டப் பாத்தா த்ராட்டிலை கொஞ்சம் விட்டுக்கொடு. வாங்குறதுக்கு முன்னாடியே, சரிப்படலேன்னா கீறல் இல்லாம கொண்டுவந்தா வேற பிட்ச் மாத்தித் தருவீங்களான்னு வாய்விட்டுக் கேட்டுடு.

ஸ்டீலைப் பத்தி. இலை மெல்லிசா இருக்கும், வளையாது, ஸ்பீடு கொஞ்சம் கூடத்தான் கிடைக்கும், பொய்யில்ல. ஆனா நீ பாறை இருக்கிற இடத்துல ஓட்டுற. அலுமினியம்னா தட்டினதும் இலை மடங்கி அடியை தானே வாங்கிக்கும், ஸ்டீல் மடங்காது, அந்த அடி கியர் வரைக்கும் போக வாய்ப்பிருக்கு. உனக்கு அலுமினியமே போதும்.

ஹெச்பி ஒண்ணுதானேன்னு வாங்கிடாத, ஒரே கம்பெனி ஒரே ஹெச்பியிலயே மாடலுக்கு மாடல் கியர்கேஸ், அதாவது ப்ரொப்பல்லர் மாட்டுற அடிப்பாகம், மாறும். இன்ஜின்ல இருக்கிற மாடல் நம்பரை போட்டோ எடுத்துக்கோ, பழைய ப்ரொப்பல்லரையும் கையோட கொண்டுபோய் உள்ள இருக்கிற ஸ்ப்ளைன் பல்லை எண்ணிப் பாரு. 11 x 10-னு அடிச்சிருந்தா முதல் நம்பர் குறுக்களவு, ரெண்டாவதுதான் பிட்ச்.

இன்னொண்ணு, நடுவுல ஷாஃப்டையும் இலைகளையும் இணைக்கிற ரப்பர் ஹப். எனக்கு ஒருதடவை இலையெல்லாம் புதுசு மாதிரி இருக்கு, இன்ஜின் கத்துது, போட்டு மட்டும் நகரவே மாட்டேங்குது. உள் ஹப்புலேர்ந்து வெளிப்பக்கம் வரைக்கும் நேரா ஒரு பெயிண்ட் கோடு போட்டு ஓட்டிட்டு வந்து பாத்தேன், கோடு ரெண்டா பிரிஞ்சு விரல் அகலத்துக்கு விலகி நிக்குது, ரப்பர் வழுக்கிருச்சு. உன் பழசையும் அப்படிப் பாரு, ரப்பர் நல்லா இருந்தா மடங்கின இலையை தட்டி சரிபண்ணி ஸ்பேரா போட்டுலயே வச்சுக்கோ, கரைக்கு வந்துசேர அது போதும்.

கழட்டுறப்போ சாவியை எடுத்துடு, இன்ஜினை உடனே நிறுத்துற கில் ஸ்விட்ச்சோட கிளிப்பையும் உருவிடு, இலைக்கும் மேல இருக்கிற தகட்டுக்கும் நடுவுல ஒரு மரக்கட்டையைக் கொடுத்துட்டு நட்டை திருப்பு. கழட்டினதும் ஷாஃப்டோட அடியில தூண்டில் நரம்பு சுத்தியிருக்கான்னு நல்லா பாரு தம்பி, அது ஆயில் சீலை அறுத்துட்டா கியர் ஆயில்ல தண்ணி பூந்து பால் மாதிரி வெளுத்துடும், அப்புறம் ப்ரொப்பல்லர் செலவெல்லாம் ஒண்ணுமேயில்லைன்னு ஆயிடும். ப்ரொப்பல்லருக்கு முன்னாடி ஷாஃப்ட்ல இருக்கிற த்ரஸ்ட் வாஷர் எந்தப் பக்கம் பாத்து இருந்துச்சோ அதே மாதிரி போடு, ஷாஃப்ட்ல தண்ணிக்கு கரையாத கிரீஸ் தடவு, நட்டு கழலாம பிடிக்கிற ஸ்ப்ளிட் பின் மட்டும் புதுசு போடு.