மீன் தொட்டிச் செடிகளுக்குக் கரியமில வாயு கொடுக்கலாமா?

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கிறேன். வீட்டில் 100 லிட்டர் மீன் தொட்டியில் வாலிஸ்நேரியா, கபொம்பா என்ற நீர்ச்செடிகளை வைத்து நான்கு மாதம் ஆகிறது. ஊற்றுவது போர் தண்ணீர். வாலிஸ்நேரியா இலையில் வெள்ளையாக ஏதோ படிகிறது. கபொம்பா நுனி வெளுத்துக் கரைந்து போகிறது. திரவ உரத்தை இரண்டு மடங்காக்கினேன், விளக்கை 12 மணி நேரம் எரியவிட்டேன். பாசிதான் வந்தது. கரியமில வாயு சிலிண்டர் வைக்கச் சொல்கிறார்கள். மீன்களுக்கு ஆபத்து இல்லையா?

பதில்: உரத்தை நிறுத்துங்கள். விளக்கை 7 மணி நேரத்துக்குக் குறையுங்கள். இது இன்றைக்கே செய்ய வேண்டியது, மற்றதை நிதானமாகப் பார்க்கலாம்.

நீங்கள் அனுப்பிய படத்தில், விளக்குக்குப் பக்கத்தில் இருக்கும் இலைப் பகுதியில்தான் வெள்ளை அதிகம். அதில் ஓர் இலையைக் கிள்ளி விரலால் தேய்த்துப் பாருங்கள், நறநறவென்று இருக்கும். காயவைத்து இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்பு. நுரையாகக் கிளம்புவது கரியமில வாயுவேதான். உங்கள் செடிகள் பட்டினி கிடப்பது அதற்காகத்தான்.

வெந்நீர் வைக்கும் பாத்திரத்தில் வெள்ளை ஏடு கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அப்படி ஏடு கட்டும் கடின நீரில் பைகார்பனேட் என்ற உப்பு நிறைய இருக்கிறது. வாயு கிடைக்காதபோது வாலிஸ்நேரியா அந்த பைகார்பனேட்டை உடைத்துத் தனக்கு வேண்டிய கார்பனை எடுத்துக்கொள்ளும். மிஞ்சிய சுண்ணாம்பு இலைமேலேயே படிந்துவிடும். கபொம்பாவுக்கு அந்தத் திறமை இல்லை, கரைந்திருக்கும் வாயுவை மட்டுமே நம்பி வாழ்கிற செடி அது. அதனால்தான் ஒரே தொட்டியில் ஒன்று வெள்ளை பூசிக்கொண்டு தப்பிக்கிறது, இன்னொன்று கரைகிறது.

திறந்து வைத்த தண்ணீரில் தானாகக் கரைந்து நிற்கும் கரியமில வாயு லிட்டருக்கு அரை மில்லிகிராம் சுமார்தான். போதாததற்கு, காற்றில் பரவுவதைவிட ஏறக்குறைய 10,000 மடங்கு மெதுவாகத்தான் அது தண்ணீருக்குள் பரவும். இலையை ஒட்டியிருப்பது தீர்ந்துபோனால் அடுத்தது வந்து சேர நேரமாகும். இந்த நிலையில் விளக்கைக் கூட்டுவது, அடுப்பில் அரிசி இல்லாமல் விறகை மட்டும் திணிப்பது மாதிரி. செடி சாப்பிடாத உரமும் வெளிச்சமும் பாசிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன.

ஆகவே வாயு கொடுக்கலாம். தண்ணீரில் லிட்டருக்கு 20 முதல் 30 மில்லிகிராம் இருந்தால் போதும். சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்ட பாட்டிலிலிருந்து குழாய் விடும் முறை மலிவு, மாவு புளித்துப் பொங்கும்போது வருவதும் இதே வாயுதான். ஆனால் உங்களுக்கு அதை நான் சொல்ல மாட்டேன். சேலத்துச் சித்திரை வெயிலில் ஈஸ்ட் வெறிகொண்டு பொங்கி, சீக்கிரமே ஓய்ந்துவிடும். ஏற்காட்டு மார்கழிக் குளிரில் அதே பாட்டில் தூங்கும். ராத்திரி நிறுத்தவும் முடியாது. வாயு இப்படி ஏறி இறங்கினால் கரும்பாசிக்குக் கொண்டாட்டம்.

செலவு தாங்கும் என்றால் சிலிண்டரே வாங்குங்கள். ரெகுலேட்டர், நுண்ணிய ஊசி வால்வு, மின்சாரத்தில் திறந்து மூடும் சோலனாய்டு, தண்ணீர் திரும்பி ஏறாமல் தடுக்கும் வால்வு இவை இருக்க வேண்டும். சோலனாய்டை டைமரில் போட்டு, விளக்கு எரிவதற்கு ஒரு மணி நேரம் முன்பு வாயு தொடங்கி, விளக்கு அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு நிற்கும்படி வையுங்கள். முதல் வாரம் இரண்டு நொடிக்கு ஒரு குமிழி. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம்.

அளவு பார்க்க டிராப் செக்கர் என்கிற சின்னக் கண்ணாடிக் குமிழைத் தொட்டிக்குள் ஒட்டுவார்கள். நீலம் என்றால் வாயு குறைவு, பச்சை சரியான அளவு, மஞ்சள் ஆபத்து. இதற்குள் தொட்டித் தண்ணீரை ஊற்றினால் உங்கள் கடின நீரில் அது பொய் சொல்லும். 4 டிகிரி கார்பனேட் கடினத்தன்மைக்குத் (இந்த டிகிரி பைகார்பனேட்டின் அளவு, சூடு அல்ல) தயாரித்து விற்கும் திரவத்தைத்தான் ஊற்ற வேண்டும். நிறம் மாற ஒன்றிரண்டு மணி நேரம் பிடிக்கும், அவசரப்பட்டு வால்வைத் திருகாதீர்கள்.

மீனைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. தண்ணீரில் இந்த வாயு மிகுந்தால், மீன் தன் உடம்பிலிருக்கும் கரியமில வாயுவைச் செவுள் வழியாக வெளியேற்ற முடியாமல் திணறும், ஆக்சிஜன் இருந்தாலும் திணறும். ராத்திரியில் செடிகளும் ஆக்சிஜனையே எடுத்துக்கொள்ளும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் கரைவதும் குறைவு: 30 டிகிரியில் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம்தான் நிற்கும். என் வீட்டுத் தொட்டியில் ஒரு மே மாத இரவு வாயுவை நிறுத்த மறந்து, காலையில் பதினோரு மீன்களை அள்ளியெடுத்தேன். இன்றும் அது உறுத்துகிறது. டைமரை நான் வற்புறுத்துவது அதனால்தான். காற்று மோட்டாரைப் பகலில் ஓட்டினால் கொடுக்கிற வாயு பெரும்பாலும் பறந்துவிடும், ராத்திரி கட்டாயம் ஓட்டுங்கள். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் உடனே வாயுவை நிறுத்தி, மோட்டாரைப் போட்டு, ஒரு நாள் பிடித்து வைத்த தண்ணீரால் கால் பங்கை மாற்றுங்கள்.

சிலிண்டரை நிமிர்த்தி, சாயாதபடி கட்டி, காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். குழந்தைகள் படுக்கும் மூடிய அறையில் வேண்டாம். வெள்ளை படிந்த பழைய இலைகள் இனித் தெளியாது, அடியோடு வெட்டிவிடுங்கள். மூன்று வாரம் கழித்துப் புதிதாக வந்த இலையையும் கபொம்பாவின் நுனியையும் படமெடுத்து அனுப்புங்கள். உரம் மறுபடி எவ்வளவு என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.