மணல்மேட்டில் ஏறுவதற்கு முன்: வாசகர் கேள்வி பதில்

துபாய் பாலைவனச் சுற்றுலா பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்பவர் உடன்குடிக்காரர். அங்கே பல வருடங்கள் மணலில் சுற்றுலா வண்டி ஓட்டியவர். இப்போது புதிய ஓட்டுநர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்.

எனக்கு வயது 66. முதுகுத்தண்டில் தேய்மானம் இருக்கிறது. துபாயில் வேலை பார்க்கும் மகன் எங்கள் எல்லோருக்கும் டெசர்ட் சஃபாரி பதிவு செய்துவிட்டான். பணம் கட்டியாகிவிட்டது, வாங்க என்கிறான். போகலாமா?
– வாசகி, மதுரை

அம்மா, பாலைவனத்துக்குக் கட்டாயம் போங்கள். மணல்மேட்டில் ஏறி இறங்கும் அந்தச் சவாரிக்கு மட்டும் போகாதீர்கள். இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துப் போய், வலியோடு திரும்பியவர்கள் நிறையப் பேர்.

மாலைச் சுற்றுலா எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். மதியம் மூன்று மணி வாக்கில் வண்டி வந்து வாசலில் ஏற்றிக்கொள்ளும். மணல்மேடுகள் இருக்கும் லஹ்பாப் என்ற பாலைவனப் பகுதிக்குப் போய்ச் சேர முக்கால் மணி, ஒரு மணி ஆகும். அங்கே டயரில் காற்றை இறக்கிவிட்டு அரை மணி நேரம் போல மணல்மேடுகளில் ஓட்டுவார்கள். சூரியன் இறங்கும் நேரத்தில் ஓர் உயரமான மேட்டில் நிறுத்திப் படம் எடுக்க விடுவார்கள். அப்புறம் கேம்ப். ஒட்டகம், மருதாணி, சாப்பாடு, நடனம் எல்லாம் அங்கேதான். இரவு ஒன்பது மணி சுமாருக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். இதில் அந்த அரை மணி நேரம்தான் உங்களுக்கு ஆகாது. மற்றதெல்லாம் உங்களுடையதுதான்.

வண்டி முகட்டைத் தாண்டித் தொப்பென்று இறங்கும்போது அந்த அடி நேராக இடுப்புக்கும் முதுகுக்கும் போகிறது. கடைசி வரிசையில் உட்கார்ந்தால் இன்னும் மோசம். எலும்பு தேய்ந்தவர்களுக்கு முள்ளெலும்பு நசுங்கிப் போகிற அளவுக்கு ஆபத்து உண்டு. பதிவு செய்த இடத்துக்கு இன்றே போன் செய்து, "அம்மாவை நேராக கேம்புக்குக் கூட்டிப் போக வேண்டும்" என்று மகனைச் சொல்லச் சொல்லுங்கள். கேம்புக்குப் போக மேடு பள்ளம் இல்லாத தடம் பெரும்பாலும் இருக்கும். தனி வண்டிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலும் கொடுத்துவிடலாம். "அதெல்லாம் ஒன்றும் ஆகாது, வரட்டும்" என்று ஒருவர் பதில் சொன்னால், அவரிடம் உங்கள் குடும்பத்தையே ஒப்படைக்காதீர்கள்.

கர்ப்பிணிகளுக்கும், இதய நோயாளிகளுக்கும், சமீபத்தில் அறுவை சிகிச்சை ஆனவர்களுக்கும், கைக்குழந்தைகளுக்கும் இதே பதில்தான்.

இன்னொன்று. வண்டிக்குள் யாருக்குப் பயம் வந்தாலும் நிறுத்தச் சொல்ல முழு உரிமை உண்டு. ஓட்டுநர்களில் பாகிஸ்தான்காரர்கள் நிறைய. "பாய், ஆஹிஸ்தா" (அண்ணே, மெதுவாக) என்று சொன்னால் போதும், வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். நம் ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களே தவிர வாய் திறக்க மாட்டார்கள். மற்றவர்கள் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று ஒரு கூச்சம். புதிதாக வரும் ஓட்டுநர்களுக்கு நான் முதல் பாடமாகச் சொல்வதே, சாலையைப் பார்க்கிற கண்ணாடியில் பின்சீட்டு முகங்களையும் பார்த்துக்கொண்டே ஓட்டு என்பதுதான்.

காற்று குறைந்த டயரோடு வண்டி ஓட்டக் கூடாது என்பார்கள். பாலைவனத்தில் மட்டும் ஏன் காற்றை இறக்குகிறார்கள்? அவ்வளவு சாய்வில் வண்டி எப்படிக் கவிழாமல் இருக்கிறது?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

நல்ல கேள்வி தம்பி. சாலையில் 35 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் இருக்கும் டயரை மணலுக்குள் நுழையும்போது 15, 18 என்று குறைத்துவிடுவோம். காற்று குறைந்ததும் டயரின் அடிப்பகுதி நீளவாக்கில் பரவி, வண்டியின் எடை அதிக இடத்தில் படுகிறது. அதனால் சக்கரம் புதையாது. ஒட்டகத்தின் பாதமும் இதே வேலையைத்தான் செய்கிறது. கால் வைத்ததும் அந்த மெத்தை விரிந்து கொடுக்கும். ஆனால் காற்று இறங்கிய டயரில் வேகமாக ஒடித்துத் திருப்பினால் ரிம்மிலிருந்து டயரே கழன்றுவிடும். திரும்பச் சாலையில் ஏறும் முன் காற்றை நிரப்பியே ஆக வேண்டும். லஹ்பாப் பக்கம் சாலையோரக் கடைகளில் மாலை நேரம் முழுக்க இந்த வேலைதான்.

கவிழாதா என்றால், கவிழும். தெரியாதவர் ஓட்டினால் நிச்சயம் கவிழும். காற்று அடிக்கிற பக்கம் மேடு சாய்வாகவும் மணல் இறுகியும் இருக்கும். அதற்கு மறுபக்கம் செங்குத்தாக, பொலபொலவென்று சரியும். அந்தச் சரிவு 30 முதல் 34 டிகிரி வரை இருக்கும். அதற்கு மேல் மணல் நிற்காது, தானே வழிந்துவிடும். அந்தப் பக்கம் மூக்கு கீழே பார்க்க நேராக இறங்கினால் ஆபத்து குறைவு. பாதியில் பயந்து பிரேக்கை மிதித்தாலோ, குறுக்கே திருப்பினாலோ கீழ்ப்பக்கச் சக்கரம் புதையும், எடை முழுவதும் அந்தப் பக்கம் சாயும், வண்டி உருண்டுவிடும். மேலே ஏறும்போதும் முகட்டில் வேகத்தைக் குறைத்தே தீர வேண்டும். அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று அப்போது தெரியாது. வண்டிகளில் நீளக் கம்பியில் கொடி கட்டியிருப்பது அதற்காகத்தான். மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வண்டி வருகிறது என்று கொடி முதலில் காட்டிக்கொடுக்கும்.

உச்சி வெயிலில் மணலில் நிழலே விழாது. எது மேடு, எது குழி என்று பழகிய கண்ணுக்கே பிடிபடாது. சாயங்கால வெயிலில் ஒவ்வொரு மடிப்பும் தனியாகத் தெரியும். மாலைச் சுற்றுலாவுக்கு அழகு மட்டும் காரணம் இல்லை.

நீங்கள் ஏறும் வண்டியில் கூரையைத் தாங்கும் இரும்புக் கூண்டு இருக்கிறதா, எல்லா இருக்கைக்கும் பெல்ட் இருக்கிறதா, இன்னொரு வண்டி கூடவே வருகிறதா என்று பாருங்கள். ஒரு கையில் போனை வைத்துப் படம் பிடித்தபடி ஓட்டுகிறவர் எவ்வளவு பெரிய சூரனாக இருந்தாலும் இறங்கிவிடுங்கள்.

ஒட்டகச் சவாரி அந்த விலங்குக்குக் கொடுமை என்று என் மகள் ஏற மாட்டேன் என்கிறாள். உண்மையா?
– வாசகர், கோயம்புத்தூர்

உங்கள் மகளுக்கு என் அன்பு. அவள் கேட்பது சரியான கேள்வி.

ஒட்டகம் ஆளைச் சுமக்கப் பழகிய விலங்கு. கேம்பில் ஒரு வட்டம் நடப்பது ஐந்து நிமிடம் கூட வராது. அதனால் மட்டும் அதற்குத் துன்பம் இல்லை. துன்பம் வேறு இடத்தில் இருக்கிறது. சேணத்துக்கு அடியில் புண், மூக்கில் காயம், பகல் முழுவதும் நிழல் இல்லாத கட்டு, தண்ணீர் இல்லாத தொட்டி. ஏறுவதற்கு முன் இவற்றை ஒரு நிமிடம் பாருங்கள். முதுகின் ஓரத்தில் ரோமம் உதிர்ந்து சதை தெரிந்தால் ஏறாதீர்கள். ஏன் ஏறவில்லை என்பதை கேம்ப் பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். வாடிக்கையாளர் நாலு பேர் சொன்னால் மறுநாள் அந்த ஒட்டகத்துக்கு ஓய்வு கிடைக்கும். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஒட்டகம் தண்ணீர் இல்லாமல் தாங்கும் என்ற பேச்சை வைத்துக்கொண்டு சிலர் அதற்குத் தண்ணீரே காட்டுவதில்லை. எனக்குக் கோபம் வருவது இங்கேதான். திமிலில் இருப்பது கொழுப்பு, தண்ணீர் இல்லை. பகலில் உடம்பு சூடு 41 டிகிரி வரை ஏறினாலும் வியர்க்காமல் பொறுத்துக்கொண்டு, இரவில் 34 வரை இறக்கிக்கொள்கிறது. அப்படித்தான் தண்ணீரை மிச்சம் பிடிக்கிறது. வறண்டுபோன ஒட்டகத்துக்குத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் 100 லிட்டர் குடித்துவிடும். அவ்வளவு தாகத்தை அடக்கிக்கொண்டு நிற்கிற ஜீவன் அது.

ஏறுவதானால் ஒரு விஷயம்: ஒட்டகம் எழும்போது பின்னங்கால்கள் முதலில் எழும், நீங்கள் முன்னால் தூக்கி எறியப்படுவீர்கள். உட்காரும்போது முன்னங்கால்கள் முதலில் மடங்கும், அப்போதும் அப்படித்தான். இரண்டு நேரமும் நன்றாகப் பின்னால் சாய்ந்து பிடியை இறுக்கிக்கொள்ளுங்கள். கயிறு பிடிப்பவருக்கு ஸலாம் சொல்லுங்கள், முடிந்ததைக் கையில் கொடுங்கள். ஊரை விட்டு வந்து ஒட்டகங்களோடே வாழ்கிற மனிதர் அவர்.

ஒட்டகப் பந்தயத்தில் சின்னப் பையன்களை உட்கார வைத்து ஓட்டிய காலம் ஒன்று இருந்தது. 2005ல் அமீரகம் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குச் சட்டப்படி தடை போட்டது. இப்போது ஒட்டகத்தின் முதுகில் சின்ன ரோபோ இருக்கிறது, முதலாளி பக்கத்துத் தடத்தில் காரில் போய்க்கொண்டே அதை இயக்குகிறார். கேள்வி கேட்டால் விஷயங்கள் மாறும் என்று மகளிடம் சொல்லுங்கள்.

கேம்பில் குழந்தைகளுக்கு மருதாணி போடலாமா?
– வாசகி, சேலம்

பச்சை இலை அரைத்த, செம்பழுப்பு நிறத்தில் பிடிக்கிற மருதாணி என்றால் போடலாம். கன்னங்கரேலென்று பத்து நிமிடத்தில் பிடிக்கும் என்று சொன்னால் வேண்டாம். அந்தக் கறுப்பு, தலைச்சாயத்தில் சேர்க்கும் பிபிடி என்ற ரசாயனத்தால் வருவது. கொப்புளம் வந்து தழும்பு நிற்கும். குழந்தையின் கையை நீட்டும் முன் கூம்பை வாங்கிப் பிழிந்து பாருங்கள், நிறம் காட்டிக்கொடுத்துவிடும்.

சவாரிக்கு முன் என்ன சாப்பிடலாம்? எந்த மாதம் நல்லது?
– வாசகர், காரைக்குடி

மதியம் பிரியாணி வேண்டாம். புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே லேசாகச் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். வாந்தி வரும் பழக்கம் உள்ளவர்கள் முன்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் வரை நல்லது. ஜனவரி இரவில் ஸ்வெட்டர் வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் குழந்தைகளோடு போவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அங்கே மணல் ஏன் சிவப்பாக இருக்கிறது? படங்களில் நடுவே ஒரு பச்சை மரம் தெரிகிறதே, அது என்ன?
– ஆசிரியை, விருத்தாசலம்

டீச்சர், உங்களுக்குப் பதில் எழுதத்தான் எனக்கு ஆசை அதிகம்.

மணல் துகளின் மேல் இரும்பு ஆக்ஸைடு படலமாகப் படிந்திருக்கிறது, அதனால் சிவப்பு. கடற்கரைப் பக்கம் சிப்பித் துகள் கலந்து வெளுத்திருக்கும், உள்ளே போகப் போகச் சிவக்கும். நான் தேரிக்காட்டுப் பக்கத்தில் வளர்ந்தவன். எங்கள் தேரி மணலின் சிவப்புக்கும் இரும்புதான் காரணம். முதன்முதலில் லஹ்பாப் மணலைக் கையில் அள்ளியபோது எனக்கு அது அந்நியமாகத் தெரியவே இல்லை.

அந்த மரத்தை அங்கே காஃப் என்கிறார்கள். அமீரகத்தின் தேசிய மரம். நம்ம ஊர் வன்னிதான் அது. உங்கள் ஊர் விருத்தகிரீசுவரர் கோயிலின் தல விருட்சமும் அதே இனம். பல மீட்டர் ஆழத்துக்கு வேரை இறக்கித் தண்ணீர் தேடிக்கொள்ளும். கோடையில் ஒட்டகங்கள் ஒதுங்குவது அதன் நிழலில். தலை எட்டும் உயரம் வரை இலையைக் கடித்துவிடுவதால் அடிப்பக்கம் கத்தரித்தது போல நேராக இருக்கும். மாணவர்களைக் கோயிலுக்கு அழைத்துப் போகும்போது அந்த மரத்தையும் காட்டுங்கள்.

ஒட்டகப் பால் குடிக்கலாமா?
– வாசகர், ஈரோடு

கடையில் விற்கும், பாஸ்சுரைஸ் செய்த பால் என்றால் தாராளமாக. லேசாக உப்புக் கரிக்கும். பச்சையாகக் கறந்து நீட்டினால் வேண்டாம். 2012ல் கண்டறியப்பட்ட மெர்ஸ் என்ற சுவாச நோய் ஒட்டகங்களிடமிருந்து மனிதருக்குத் தொற்றக்கூடியது. ஒட்டகத்தைத் தொட்டபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

நாங்கள் நாலு நண்பர்கள். வாடகைக்கு வண்டி எடுத்து நாங்களே மணலில் ஓட்டலாம் என்று நினைக்கிறோம்.
– வாசகர், ஷார்ஜா

வேண்டாம். வாடகை வண்டியின் காப்பீடு பெரும்பாலும் சாலைக்கு வெளியே செல்லாது. ஒற்றை வண்டியாகப் போய்ப் புதைந்தால் இழுக்க ஆள் இருக்காது. கற்றுக்கொள்ள ஆசை என்றால் பயிற்சி வகுப்புகள் இருக்கின்றன, முதலில் அங்கே போங்கள்.

சத்தம், கூட்டம், நடனம் இல்லாமல் பாலைவனத்தை மட்டும் பார்க்க வழி உண்டா?
– வாசகி, சென்னை

உண்டு. நான் என் குடும்பத்தைக் கூட்டிப் போவதும் அப்படித்தான். துபாய் பாலைவனப் பாதுகாப்பகம் என்று 225 சதுர கிலோமீட்டரில் ஓர் இடம் இருக்கிறது. அனுமதி பெற்ற சில நிறுவனங்கள் மட்டுமே உள்ளே கூட்டிப் போகலாம். சொந்த வண்டியில் போக முடியாது. விலை கூடுதல்தான், கொடுக்கலாம்.

அங்கே அரேபிய ஓரிக்ஸ் மான்களைப் பார்ப்பீர்கள். வெள்ளை உடம்பு, நேராக நீண்ட கொம்பு. 1972ல் காட்டில் கடைசியாக இருந்ததும் போய்விட்டது. அடைத்து வளர்த்தவற்றைப் பெருக்கி, 1982ல் ஓமனில் திரும்பக் காட்டில் விட ஆரம்பித்தார்கள். இப்போது அமீரகத்திலும் கூட்டமாகத் திரிகின்றன. வெயில் ஏறும் முன் அவை மேய்ந்துகொண்டிருக்கும், அதனால் மாலைப் பயணத்தை விட்டுவிட்டு அதிகாலைப் பயணமாகக் கேட்டு வாங்குங்கள். பதிவு செய்யும்போது "மணல்மேட்டில் ஏறும் சவாரி இதில் சேர்ந்ததா?" என்றும் கேட்டுவிடுங்கள்.