அழகு பொய் சொல்லுமா? கேள்வி பதில்

கேள்வி: அழகான கோட்பாடு உண்மையாகத்தான் இருக்கும் என்கிறார்களே, சரியா?

பதில்: வானியல் அறிஞர் கெப்ளரைக் கேட்டுப் பாருங்கள். அன்று தெரிந்த கோள்கள் ஆறு. அவற்றுக்கிடையே இடைவெளிகள் ஐந்து. எல்லா முகங்களும் ஒரே அச்சாக இருக்கும் ஒழுங்கான திண்மங்களும் ஐந்தே ஐந்துதான். சனிக்கும் வியாழனுக்கும் நடுவே கனசதுரம், வியாழனுக்கும் செவ்வாய்க்கும் நடுவே நான்முகி என்று ஒன்றுக்குள் ஒன்றாகப் பொருத்தி, கடவுளின் திட்டமே கைக்கு வந்துவிட்டதாக 1596-இல் நூல் எழுதினார். சொக்க வைக்கும் கணக்கு. ஆனால், தப்பு.

பிறகு பிராக் நகரில் வானத்தை அளந்துவந்த டைகோ பிராஹேயிடம் சேர்ந்தார். அவர் தொலைநோக்கி இல்லாமலே பல்லாண்டு குறித்துவைத்த செவ்வாயின் இருப்பிடங்களைக் கெப்ளர் வட்டப்பாதையில் பொருத்தப் பார்த்தார். 8 கலை இடித்தது. ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குதான் ஒரு கலை. முழுநிலவின் அகலத்தில் ஏறத்தாழ கால்பங்கு பிசகு, அவ்வளவே. நானாக இருந்தால் கண்டும் காணாமல் விட்டிருப்பேன். அவர் வட்டத்தையே விட்டார். நீள்வட்டம் 1609-இல் அச்சேறியது.

கேள்வி: இயற்பியலாளர் டிராக் வேறு மாதிரி சொன்னாரே?

பதில்: ஆம். சமன்பாடு சோதனையோடு ஒத்துப்போவதைவிட அழகாக இருப்பதே முக்கியம் என்று 1963-இல் எழுதினார். அவருக்கு அது பலித்தது: 1928-இல் அவர் எழுதிய சமன்பாட்டிலிருந்து ஊகித்த பாசிட்ரான் (எலெக்ட்ரானைப் போன்ற, ஆனால் நேர்மின்னூட்டம் கொண்ட துகள்) 1932-இல் அகப்பட்டது. எங்கே தேடலாம் என்று காட்ட அழகு போதும். சாட்சிக் கூண்டில் அதை ஏற்ற முடியாது.

கேள்வி: நம்பியது உண்மையாகிவிட்டால் அது அறிவுதானே?

பதில்: நின்றுபோன கடிகாரத்தைப் பார்த்து மணி மூன்று என்று நம்புகிறீர்கள்; தற்செயலாக அப்போது மணியும் மூன்று. தத்துவ அறிஞர் ரஸல் சொன்ன உதாரணம் இது. இதை அறிவு என்று நீங்களே ஒப்புக்கொள்ள மாட்டீர்கள்.

கேள்வி: பார்க்க ஆளே இல்லாவிட்டால் அழகு இருக்குமா?

பதில்: 1930 ஜூலையில் பெர்லின் அருகே காபுத் வீட்டில் தாகூரும் ஐன்ஸ்டைனும் பேசியது இதைத்தான். மனிதர் இல்லையேல் அழகு இல்லை என்பதை ஐன்ஸ்டைன் ஏற்றார். உண்மைக்கு அது பொருந்தாது என்றார். நிரூபிக்கச் சொன்னால்? தன்னால் முடியாது, அது தன் மதம் என்றார். எனக்கு அந்த நேர்மை பிடிக்கும்.

கேள்வி: கெப்ளர் அந்த ஐந்து திண்மங்களைக் கைவிட்டாரா?

பதில்: எங்கே! 1621-இல் அதே நூலுக்குக் குறிப்புகள் சேர்த்து மறுபதிப்பே கொண்டுவந்தார்.