பஞ்சுவுக்கு நாலு மாதக் கூடு தேவையில்லை

கேள்வி: கணவர் இரண்டு வருடமாக இங்கிலாந்தில், லெஸ்டரில், ஆஸ்பத்திரி ஒன்றில் தாதியாக வேலை செய்கிறார். எனக்கும் ஒன்பது வயது மகளுக்கும் விசா கிடைத்துவிட்டது. ஆகஸ்ட் கடைசியில் பயணம், செப்டெம்பரில் மகளுக்குப் பள்ளி. பிரச்சினை எங்கள் பூனை பஞ்சு. மூன்று வயது. மாரி மழையில் மதகடியில் கத்திக்கொண்டு கிடந்ததை மகள்தான் தூக்கி வந்தாள். பயண ஏஜென்சியில் கேட்டால், “கொண்டுபோகலாம், ஆனால் அங்கே 4 மாதம் கூட்டில் தனிமைப்படுத்துவார்கள்” என்கிறார்கள். கணவர் விட்டுவிட்டு வரச் சொல்கிறார். அம்மா தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். மகள் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. பஞ்சு காலையில் அம்மா தேங்காய் திருவும்போது திருவலைக்குப் பக்கத்தில் இருக்கும். அவர் பூப்பறிக்கப் போனால் பின்னாலேயே போகும். பகலில் பக்கத்து வீட்டு மாமி மீன் வெட்டும் இடத்தில் காவல். இரவில் மகளின் காலடியில் படுக்கும். அதைக் கூட்டில் போடவும் மனம் வரவில்லை, விட்டுப்போகவும் முடியவில்லை. என்ன செய்யலாம்?
– பெயர் வேண்டாம், களுவாஞ்சிகுடி

பதில்:

தங்கச்சி, முதலில் மகளைக் கூப்பிட்டு இருத்திச் சோறு கொடுங்கள். பஞ்சுவைப் பற்றி இன்றைக்கு ஒரு முடிவும் எடுக்க வேண்டியதில்லை என்று அவளிடம் சொல்லுங்கள். அவளைச் சமாதானப்படுத்த ஒரு பேச்சுக்குச் சொல்வது என்று நினைக்காதீர்கள், உண்மையிலேயே அப்படித்தான். ஏன் என்று சொல்கிறேன்.

ஏஜென்சிக்காரர் சொன்னது பொய் இல்லை, பாதிக் கதை. ‘தனிமைப்படுத்தல்’ என்ற சொல் நம் மாவட்டத்தில் எல்லோர் வாயிலும் புழங்கத் தொடங்கியது 2020 மார்ச்சில். இத்தாலி, ஈரான், தென்கொரியாவிலிருந்து வந்தவர்களைப் புணாணையில் 14 நாள் வைத்திருந்தார்கள், ஞாபகம் இருக்கும். அங்கே காத்திருந்த மனிதர்கள் ஒரு குற்றமும் செய்யவில்லை. உடம்பில் நோய் ஒளிந்திருந்தால் அது வெளியே தெரிய எத்தனை நாள் ஆகுமோ அத்தனை நாள் இருக்க வைத்தார்கள், அவ்வளவுதான். பூனைக்கும் அதே கணக்கு. இங்கே நோய் மட்டும் வேறு: விசர் நோய். கடிபட்ட இடத்திலிருந்து அந்தக் கிருமி நரம்பு வழியே மெல்ல மெல்ல மூளைக்கு ஏறும். அதற்கு வாரக்கணக்கும் ஆகும், மாதக்கணக்கும் ஆகும். அதுவரை பூனை நம் மடியில் சாதுவாகப் படுத்திருக்கும். பிரித்தானியா தன் நாய்களிடமிருந்து இந்த நோயை ஒழித்தது 1922இல். அதைத் திரும்ப உள்ளே விடாமலிருக்கத்தான் 2000ஆம் ஆண்டுவரை வெளியிலிருந்து வந்த நாய் பூனைகளை 6 மாதம் அடைத்து வைத்தார்கள். நம்மூரில் விசர்நாய் என்றால் தெருவே கதவைச் சாத்தும், ஆகவே அவர்களுடைய பயத்தை நாம் குறைசொல்ல முடியாது.

இப்போது அந்தக் காத்திருப்பை நம் வீட்டிலேயே முடித்துவிட்டுப் போகலாம். ஏஜென்சியில் சொல்லாத மற்றப் பாதி இதுதான்.

முதலில் பூனையின் தோலுக்கு அடியில் மைக்ரோசிப் வைக்க வேண்டும். அரிசி மணியளவு சாமான், ஊசி போலவே ஏற்றிவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் விசர்நோய்த் தடுப்பூசி. இந்த வரிசை மாறினால் கதை கெட்டது: சிப் வைக்க முன்பு போட்ட ஊசி கணக்கில் வராது. ஊரில் நடந்த இலவச ஊசி முகாமில் போட்ட அட்டை கையில் இருக்கிறது என்று நம்பி இருந்துவிடாதீர்கள், அது பஞ்சுவுக்குப் போட்டதுதான் என்று நிரூபிக்க வழியில்லை. ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து இரத்தம் எடுத்து, பிரித்தானியா ஏற்றுக்கொண்ட ஆய்வுகூடம் ஒன்றில் சோதிக்க வேண்டும். எதிர்ப்புச் சக்தி ஒரு மில்லிலீற்றருக்கு 0.5 அலகுக்குக் குறையக் கூடாது. இரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதம் காத்திருக்க வேண்டும். ஊசி வேலை செய்ததை இரத்தம் காட்டும். ஊசிக்கு முன்பே கிருமி ஏறியிருந்ததா என்பதை அந்த 3 மாதம் காட்டும். இவ்வளவும் சரியாக முடிந்தால் பஞ்சு அங்கே போய் இறங்கும் நாளிலேயே உங்கள் கணவர் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். கூடும் இல்லை, தனிமையும் இல்லை.

30 நாளும் 3 மாதமும் சேர்த்தால் எவ்வளவு? நாலு மாதம்தான். ஆக, அந்த நாலு மாதத்தைப் பஞ்சு லெஸ்டர் பக்கத்தில் முன்பின் தெரியாத ஓர் இடத்தில் கழிப்பதா, உங்கள் அம்மாவின் திருவலைக்குப் பக்கத்தில் கழிப்பதா என்பது மட்டும்தான் கேள்வி. இப்படிக் கேட்டால் ஒன்பது வயதுப் பிள்ளையும் பதில் சொல்லும். அங்குள்ள கூடுகள் தனியார் நடத்துபவை. இடத்தை முன்கூட்டியே ஒழுங்குபண்ண வேண்டும், நாலு மாதச் செலவும் முழுக்க உங்கள் தலையில்தான். புதிதாகப் போய்க் குடியேறும் குடும்பத்துக்கு அந்தச் செலவு வேண்டாம். ஆகவே கூட்டை இன்றோடு மறந்துவிடுங்கள். அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

இனி நாட்கணக்குக்கு வருவோம். உங்கள் கடிதம் என் கைக்கு வந்தது மே கடைசியில். ஜூன் முதல் வாரம் சிப்பும் ஊசியும் போட்டால், ஜூலை முதல் வாரம் கடந்து இரத்தம். அதிலிருந்து 3 மாதம் என்றால் ஒக்டோபர் வந்துவிடும். உங்கள் பயணமோ ஆகஸ்டில். பயணத்தைப் பிந்தப் போடுவோமா என்று யோசிப்பீர்கள். வேண்டாம். புது நாடு, புது மொழி, புது வகுப்பு. தவணை தொடங்கி ஆறு வாரம் கழித்து, எல்லோரும் சிநேகிதம் பிடித்து முடிந்த பிறகு ஒரு பிள்ளையைக் கொண்டுபோய் வகுப்பில் இருத்துவது பாவம். பூனைக்காகப் பிள்ளையைத் தண்டிக்க வேண்டாம், பூனைக்கு அதெல்லாம் தெரியவும் போவதில்லை.

ஆகவே நீங்களும் மகளும் ஆகஸ்டில் போங்கள். பஞ்சு அம்மாவோடு இருக்கட்டும். ஆனால் போகுமுன் சிப், ஊசி, இரத்தம் மூன்றையும் முடித்துவிட்டுப் போங்கள். இங்கே ஒரு நல்ல விஷயம் இருக்கிறது: இரத்தச் சோதனையில் ஒருமுறை தேறிவிட்டால், அடுத்தடுத்த ஊசிகளை நாள் தவறாமல் போட்டு வரும்வரை திரும்பச் சோதிக்க வேண்டியதில்லை. அடுத்த வருடம் விடுமுறைக்கு வந்து திரும்பும்போதும் கூட்டிப் போகலாம். ஒரு நாள் பிந்தினாலும் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டி வரும், அதனால் அடுத்த ஊசித் திகதியை அம்மாவின் கலண்டரில் நீங்களே பெரிதாக எழுதி வையுங்கள்.

‘விடுமுறைக்கு வந்து’ என்று சொன்னதற்கும் காரணம் உண்டு. வளர்ப்புப் பிராணியாகப் போவதென்றால் உரிமையாளர் போகும் நாளுக்கு 5 நாள் முன்பின்னுக்குள் பூனையும் அங்கே இறங்க வேண்டும். பிறகு யாரிடமாவது கொடுத்து அனுப்பலாம் என்றால் வியாபாரச் சரக்குக்குரிய விதிகளுக்குள் போய்விடும், அலைச்சல் கூடும். இன்னொன்று, பிரித்தானியாவுக்குள் விமானத்தில் போகும் பூனை சரக்குப் பகுதியில்தான் போக வேண்டும். கூடையை மடியில் வைத்துக்கொண்டு இருக்க விடமாட்டார்கள். புறப்படும் நேரத்தில் கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களத்தின் தனிமைப்படுத்தல் அலுவலகத்தில் சுகாதாரச் சான்றிதழும் எடுக்க வேண்டும். அது கொடுத்து 10 நாளுக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும். முதலே எடுத்து வைத்துவிட்டால் நிம்மதி என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு.

இதுவரை சொன்னது விதி. இனி என் மனதில் பட்டதைச் சொல்கிறேன். கோபிக்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். பஞ்சுவைப் பற்றி நாலு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். திருவலையடி, பூமரத்தடி, மீன் வெட்டும் இடம், மகளின் காலடி. இதில் இரண்டு உங்கள் அம்மாவுடையது, ஒன்று பக்கத்து மாமியுடையது. உங்கள் மகளுக்குப் பஞ்சுவில் இருப்பது இரவுப் பங்கு. லெஸ்டரில் என்ன இருக்கும்? கணவர் இருப்பது மாடி வீடா, தனி வீடா, வாடகைக்குக் கொடுத்தவர் பூனை வளர்க்க விடுவாரா என்று கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. அதை இன்றிரவே கேளுங்கள். கண்ணாடி யன்னலுக்குப் பின்னால் இருந்து மழையைப் பார்க்கும் பூனைகளும் சந்தோஷமாகத்தான் இருக்கின்றன, ஆனால் அவை அனேகமாகக் குட்டியிலிருந்தே அப்படி வளர்ந்தவை. பஞ்சு வளவுப் பூனை.

என்னுடைய கதை ஒன்று. எண்பதுகளில் கல்லடியில் இருந்த வாடகை வீட்டை விட்டு மட்டக்களப்பு நகரத்துக்குள் மாறினோம். எங்கள் கறுப்புப் பூனையை உமலில் போட்டு, வாயைக் கயிற்றால் கட்டி, அப்பா சைக்கிளில் கொண்டுவந்தார். மூன்று நாள் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. நாலாம் நாள் காணவில்லை. அதற்கடுத்த கிழமை பழைய வீட்டுக்கு வந்த புது ஆட்கள் சொல்லி அனுப்பினார்கள், குசினிப் படியில் வந்து படுத்திருக்கிறது என்று. அப்போது புதுப் பாலம் ஏது? லொறியும் பஸ்ஸும் ஒன்றுக்கு ஒன்று வழிவிட்டு ஊரும் அந்தப் பழைய இரும்புப் பாலத்தை அது எந்த இரவில், எப்படிக் கடந்தது என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. அப்பா திரும்ப உமலை எடுத்தார். அம்மா, “விடுங்க, அது நம்மட பூனை இல்ல, அந்த வீட்டுப் பூனை” என்றார். எனக்கு அப்போது பதினொரு வயது. அம்மாவோடு ஒரு கிழமை பேசவில்லை.

எல்லாப் பூனையும் அப்படியென்று சொல்லமாட்டேன். ஆளோடு ஒட்டும் பூனைகளும் உண்டு, ஆள் எழும்பினால் எழும்பி, இருந்தால் இருக்கும். பஞ்சு எந்த ரகம் என்று கண்டுபிடிக்க உங்களுக்கு ஜூலைவரை நேரம் இருக்கிறது. மகளும் நீங்களும் ஒரு சனி ஞாயிறு உறவினர் வீட்டில் போய்த் தங்கிவிட்டு வாருங்கள். பஞ்சு தேடியதா, சாப்பிடாமல் கிடந்ததா, வழக்கம்போல மாமி வீட்டுக்கு மீனுக்குப் போனதா என்று அம்மாவிடம் கேளுங்கள். மகளையே கேட்க விடுங்கள். கூடவே ஒரு பயணக் கூட்டையும் வாங்கி விறாந்தையில் திறந்தபடி வையுங்கள், உள்ளே அது படுக்கும் பழைய சேலைத் துண்டைப் போட்டு. பூனை எழும்பி நிற்க, திரும்ப, நீட்டிப் படுக்க இடம் வேண்டும். தானாகப் போய்ப் படுக்கிறதென்றால் பயணத்துக்கு நல்ல சகுனம். கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு இரவு முழுக்க வான் வண்டியில் போக வேண்டும், அந்த ஓட்டத்தையே தாங்காத பூனையை விமானத்தில் ஏற்றுவது சரியில்லை. தூக்க மருந்து கொடுத்து அனுப்பலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மயக்கத்தில் இருக்கும் பிராணியை விமான நிறுவனங்கள் பெரும்பாலும் ஏற்காது, பூனையின் மூச்சுக்கும் ஆபத்து.

என் ஊகம், பஞ்சு அம்மாவோடு தங்கிவிடும். மகள் போய்விட்ட வீட்டில் உங்கள் அம்மாவுக்கும் காலடியில் ஒரு உயிர் வேண்டும் அல்லவா, அதை அவர் வாய்விட்டுச் சொல்லமாட்டார். ஆனால் முடிவு அதுதான் என்று மகளிடம் இப்போது சொல்ல வேண்டாம். “அடுத்த மாதம் வந்துவிடும்” என்று பொய்யும் சொல்ல வேண்டாம். அவளுக்கு வயது ஒன்பது, நாள் எண்ணத் தெரியும். உள்ளதைச் சொல்லுங்கள்: ஊசி போடுகிறோம், இரத்தம் கொடுக்கிறோம், வழியைத் திறந்து வைக்கிறோம், அடுத்த முறை வரும்போது பஞ்சுவைப் பார்த்துத் தீர்மானிப்போம். ஊசி எப்படியும் வீண்போகாது, இங்கேயே இருந்தாலும் வளவுப் பூனைக்கு விசர்நோய் ஊசி அவசியம். காசு அதிகம் இறங்கும் இடம் இரத்தச் சோதனைதான். வேண்டாம் என்று தோன்றினால் அங்கே நிறுத்திக்கொள்ளலாம்.

வேறு நாடுகளுக்குப் போகிறவர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் சுருக்கமாக. பிரான்ஸ், ஜெர்மனி போன்ற ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கும் இதே 30 நாள், 3 மாதக் கணக்குத்தான். சுவிஸுக்கு அதற்கு மேல் முன் அனுமதி ஒன்றும் எடுக்க வேண்டும். கனடா இலகு: விசர்நோய் ஊசிச் சான்றிதழ் சரியாக இருந்தால் தனிமைப்படுத்தல் இல்லை. கடினம் ஆஸ்திரேலியா. அவர்கள் ஒப்புக்கொண்ட பட்டியலில் இலங்கை இல்லை, நேரே கொண்டுபோக முடியாது. வேறொரு நாட்டில் வைத்திருந்து கொண்டுபோனாலும் மெல்பேர்ன் மிக்கல்ஹாமில் குறைந்தது 10 நாள் இருந்தே ஆக வேண்டும்.

சரி தங்கச்சி, இந்தக் கிழமை செய்ய வேண்டியது ஒன்றுதான். சிப் வைக்கும் வசதி எங்கே இருக்கிறது என்று மிருக வைத்தியரிடம் போனில் கேட்டுவிட்டு, மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். எல்லா இடத்திலும் சிப் இருக்காது. ஊசி போட்ட பிறகு அட்டையைக் கையில் வாங்கியவுடன் வெளியே வந்துவிடாதீர்கள். சிப் இலக்கம் எழுதியிருக்கிறதா, ஊசித் திகதி சிப் வைத்த நாளிலோ அதற்குப் பிறகோதான் இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். அந்தச் சிப் இலக்கத்தில் 15 எண்கள் இருக்க வேண்டும். மகளை எண்ணச் சொல்லுங்கள்.